மாப்பிள்ளைச் செருப்பு

செருப்பைக் கழற்றச் சொன்னதும் தியாகராசன் டாக்டரைப் பார்த்த பார்வை, நடுத்தெருவில் வேட்டியைக் கழற்றச் சொன்னால் ஒரு மனிதன் பார்க்கிற பார்வை.

டாக்டர் ஜெபராணி ஆனைப்புதூருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாகர்கோவில்காரர். மலையடிவார ஊர் என்று கேள்விப்பட்டுக் குளிருக்குச் சால்வை கொண்டுவந்திருந்தார். இடுப்பில் துப்பாக்கி தொங்க, கையில் டோக்கனைப் பிடித்துக்கொண்டு நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. முதல் வாரம் முழுக்க ஒருவருக்கும் ஊசி போடாமல் மாத்திரையாகவே எழுதிக் கொடுத்துச் சமாளித்தார்.

"வீட்டுல எதுவும் விசேஷமா?" என்று கேட்டார். தியாகராசன் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, சந்தன நிறத் தோல் செருப்பு சகிதம் உட்கார்ந்திருந்தான்.

"இல்லீங்க டாக்டர். வெளிய கிளம்புனா இதான் எப்பவும்."

"எப்பவும்னா?"

"ஒம்பது வருசமா."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவன் காலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரல் பக்கத்து விரலுக்கு அடியில் போய் ஒடுங்கிக் கிடந்தது. நகத்தைச் சுற்றிக் கறுத்து, ஓரத்தில் நீர் கசிந்தது.

"சுகர் இவ்வளவு இருக்கு. விரல்ல ரத்த ஓட்டமே சரியில்ல. இந்தச் செருப்ப இன்னும் ஒரு மாசம் போட்டீங்கன்னா விரலை எடுக்க வேண்டி வரும். அதுக்கப்புறமும் போட்டா விரலோட நிக்காது. செருப்பு ரெண்டு சைஸ் சின்னது. தெரிஞ்சா போடுறீங்க?"

"தெரியுங்க. ஆனா மாத்த முடியாது. இதுக்கு என்னைத் தெரியாமப் போயிரும்." அவன் இடுப்பில் தொங்கிய துப்பாக்கியைத் தொட்டுக் காட்டினான். "இது ஆளை அடையாளம் பாக்குறது நடைய வச்சுதாங்க. வேற ஒருத்தன் எடுத்தா வெறும் இரும்பு. பதிவு பண்ண அன்னிக்கு எப்படி நடந்தோமோ அப்படியே நடந்தாத்தான் கைப்பிடியில பச்சை எரியும். பச்சை எரிஞ்சாத்தான் சுடும்."

"அப்ப புதுசாப் பதிவு பண்ணிக்கிட வேண்டியதுதானே?"

"ஆயுசுக்கும் ஒரு தடவைதான் டாக்டர். ஆரம்பத்துல மாத்த விட்டாங்க. திருடுன துப்பாக்கிய எல்லாம் பேரு மாத்திக்கிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. அதோட மூடிட்டாங்க."

"சரி. பதிவு பண்ற அன்னிக்கு எதுக்காக இப்படி ஒரு செருப்பப் போட்டுட்டுப் போனீங்க?"

"அன்னிக்கு எனக்குக் கல்யாணங்க," என்றான் தியாகராசன்.

அது உண்மைதான். காட்டுப்பன்றியும் சிறுத்தையும் தோட்டம் தாண்டி வீட்டுத் திண்ணை வரை வர ஆரம்பித்தபோது, மலையடிவார ஊர்களுக்கெல்லாம் வீட்டுக்கு ஒரு துப்பாக்கி என்று சட்டம் வந்தது. ஒளித்து வைத்தால் குற்றம். ஊரறிய இடுப்பில் தொங்கவேண்டும். ஆனைப்புதூரில் பதிவு முகாம் சில நாள்தான் நடந்தது. கடைசி நாள் தியாகராசனின் முகூர்த்தத்தன்று வந்து விழுந்தது. வீட்டோடு மாப்பிள்ளையாக வருகிறவன்தானே, அவன் பேரிலேயே இருக்கட்டும் என்று மாமனார் தாலி கட்டிய கையோடு அவனை மண்டபத்துக்கு எதிரே இருந்த பள்ளிக்கூட மைதானத்துக்கு அனுப்பி வைத்தார்.

மாப்பிள்ளைக்குச் செருப்பு வாங்கித் தருவது மச்சானின் கடமை. மச்சான் கண்ணளவில் ஒரு ஜோடி வாங்கியிருந்தான். கண்ணளவு என்பது துணிக்கடைப் பொம்மைக்குச் சரிப்படும். காலை நுழைத்தபோதே தியாகராசனுக்கு உயிர் போயிற்று. ஆனால் மணக்கோலத்தில் நிற்கிறவன் செருப்பு கடிக்கிறது என்றா சொல்வான்? "அளவெடுத்த மாதிரி இருக்கு மச்சான்" என்று சிரித்தான். பட்டு வேட்டியின் நுனியை இடது கையில் பிடித்துக்கொண்டு, விரல்களை மடக்கி, புதுப்பெண் போல அடி மேல் அடி வைத்து மைதானத்தைச் சுற்றிவந்தான். துப்பாக்கி அந்த நடையை நன்றாகப் படித்துக்கொண்டது.

இதில் அவன் ஒருவன்தான் மாட்டினான் என்று நினைக்கவேண்டாம். ருக்மணி டீச்சர் வெயிலுக்குக் குடை பிடித்தபடி பதிவு செய்தவர். அன்று முதல் மழையோ வெயிலோ, கோயில் கருவறை வாசலோ, குடை விரித்தபடிதான் நடப்பார். நாச்சிமுத்துவுக்கு அன்றைக்கென்று பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி ஊரைச் சுற்றுகிறவர் அவர்தான். பொன்னுச்சாமி போட்டோ எடுப்பாக இருக்கட்டும் என்று போலீஸ்காரத் தம்பியின் பூட்சைக் கடன் வாங்கிப் போட்டார். இப்போது வாழைக்குத் தண்ணீர் கட்டப் போனாலும் பூட்சுதான். சரசு நிறைமாதத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பதிவு செய்தாள். பிள்ளை மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டான், இடுப்பில் வைத்த கை இன்னும் இறங்கவில்லை.

வெளியூர்க்காரன் பார்த்தால் சிரிப்பான். ஆனைப்புதூரிலோ அதற்குப் பேர் ஸ்டைல். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் மாரியம்மன் கோயிலிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை துப்பாக்கிக்காரர்கள் எல்லாரும் வரிசையாக நடப்பார்கள். இடுப்பில் பச்சை மினுக்க, அவரவர் நடையில். யாருடைய நடை அச்சுப் பிசகாமல் இருக்கிறதோ அவர்களுக்கு முன் வரிசை. முன் வரிசைக்காரர்களுக்குக் கல்யாணத்தில் முதல் பந்தி, கோயில் கமிட்டியில் இடம், பேக்கரியில் கேட்காமலே டீ. பச்சை அணைந்துவிட்டால் துப்பாக்கியை ஒப்படைத்துவிடவேண்டும். இடுப்பு ஒடிந்து நடை மாறிப்போன ஒருவர் யோக்கியமாக ஒப்படைத்தார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் விஷயம். பேசுவதற்கு ஆளில்லாமல் உடுமலைப்பேட்டையில் இருக்கிற மகள் வீட்டோடு போய்விட்டார்.

தியாகராசன் திருவாரூர்ப் பக்கத்துக்காரன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்கிற ஊரில் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவனை யார் மதிப்பார்கள்? முதல் ஆறு மாதம் அவன் வேலைக்குப் போன தேங்காய் நார் மில்லில்கூட மாமனார் பேரைச் சொல்லி அவனை "அர்த்தநாரி வூட்டுக்கு வந்த ஆளு" என்றுதான் சொன்னார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பட்டு சரசரக்க நடந்துபோனபோது நாச்சிமுத்து கன்னத்தைப் பிடித்தபடியே, "நம்ம மாப்ளையப் பாருங்கப்பா, என்னா ஒரு நடை" என்றார். அந்த 'நம்ம' என்ற சொல் அவனைக் கொண்டுபோய் முன் வரிசையில் நிறுத்தியது. அன்றிலிருந்து அவன் ஊருக்கே மாப்பிள்ளை. பையன்கள் அவன் செருப்பைப் போலவே வாங்கிப் போட்டார்கள், ஆனால் தங்கள் அளவில். வாரம் தவறாமல் ருக்மணி டீச்சர் அவன் காலைக் குனிந்து பார்த்து, "செருப்ப மட்டும் மாத்திறாதீங்க மாப்ள. அதுலதான் உங்க அழகே இருக்குது" என்பார். கடிக்கிற இடத்தில் மருந்து தடவியது போல இருக்கும் அவனுக்கு.

டாக்டர் சொன்னதை அவன் வீட்டில் சொல்லவில்லை. மருந்துச் சீட்டு சொல்லிவிட்டது. மனைவி மேகலா மறுநாளே பொள்ளாச்சிக்குப் போய், சுகர்க்காரர்கள் போடுகிற எம்.சி.ஆர். செருப்பு ஒரு ஜோடி வாங்கிவந்து வைத்தாள். கறுப்பாக, அகலமாக, பட்டை வைத்து, இரண்டு எருமைக்கன்று படுத்திருப்பது போல இருந்தது.

போட்டுப் பார்த்தான். பாதம் 'அப்பாடா' என்றது. ஓர் எட்டு வைத்தான். இடுப்பில் பச்சை எரியவில்லை.

"கொஞ்சம் பழகுனா கண்டுபிடிச்சுக்கும்," என்று வாசலில் நடக்க ஆரம்பித்தான். விரலை மடக்கினான், வேட்டி நுனியைப் பிடித்தான், உதட்டைக்கூட அந்த நாளில் கடித்தது போலக் கடித்துக்கொண்டான். கோழிகள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தன. பச்சை ஒருமுறை மினுங்கிவிட்டு, நம்மை ஏமாற்றப் பார்க்கிறான் என்று தெரிந்துகொண்டது போல மறுபடி அணைந்தது.

"ஏனுங்க, அதுக்கு உங்களத் தெரியலீன்னா போகுது," என்றாள் மேகலா. "எனக்குத் தெரியுதில்ல."

"உனக்குப் புரியாது மேகலா. வெரலு போனா யாருக்கும் தெரியாது. பச்சை போனா ஊருக்கே தெரியும்."

"வெரலு போனா எனக்குத் தெரியுமுங்க." அவள் குரல் ஏறவில்லை, இறங்கியது. "ஒம்பது வருசமா ஒரு கல்யாண மாப்பிள்ளையோட குடித்தனம் பண்றேன். சினிமாவுக்குப் போனாலும் மாப்பிள்ளை, எழவு வூட்டுக்குப் போனாலும் மாப்பிள்ளை. ஒருநா உங்ககூட வேகமா எட்டு வச்சு நடந்த நெனப்பு இல்லீங்க எனக்கு."

அவனுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் பழைய செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு மில்லுக்குப் போனான். பச்சை எரிந்தது. மில் கேட்டில் வாட்ச்மேன் சலாம் வைத்தான். சாயங்காலம் திரும்பி வந்து காலை நீட்டி உட்கார்ந்தபோது மேகலா சட்டென்று குனிந்து அவன் பாதத்திலிருந்து எதையோ பிடுங்கினாள். காலண்டர் மாட்டுகிற குண்டூசி. தலை வரை உள்ளே போயிருந்தது. எப்போது ஏறியது என்று அவனுக்குத் தெரியாது. வலிக்கவே இல்லை.

வலித்திருந்தால் அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். ஒன்பது வருடமாகப் பொறுத்தவன்தானே. வலிக்காததுதான் அவனைப் பயமுறுத்தியது. தன் உடம்பில் ஒரு மூலை தன்னிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது. மேகலா அழுதுகொண்டே மஞ்சளும் எண்ணெயும் குழைத்து வந்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை இதைப் போட்டுக்கிட்டுப் போறேன்," என்று எருமைக்கன்றுகளைக் காட்டினான். "பின் வரிசையில நிக்கிறேன். சிரிச்சாச் சிரிச்சுக்கட்டும்."

சிரிப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தான். அதற்குப் பதில்கூட யோசித்து வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூட்டம் சேர்ந்திருந்தது. தியாகராசன் சாதாரண மனிதனைப் போல எட்டு வைத்து வந்தான். கறுப்புச் செருப்பை முதலில் பார்த்தவர் பொன்னுச்சாமி. அவர் கண் அங்கிருந்து அவன் இடுப்புக்கு ஏறியது. கையிலிருந்த டீ டம்ளர் சாய்ந்து பூட்சில் ஊற்றியது அவருக்குத் தெரியவில்லை. ஒருவர் முழங்கையால் இன்னொருவரை இடிக்க, பேச்சு வரிசையாக நின்றுபோயிற்று. யாரும் சிரிக்கவில்லை. ஏளனம் எப்படியிருக்கும் என்று வீட்டோடு மாப்பிள்ளைக்குத் தெரியாதா? இது ஏளனமில்லை. பயம்.

ருக்மணி டீச்சர் குடையோடு வந்து அவன் முழங்கையைப் பிடித்து, பேக்கரிக்குப் பின்னால் பன் அடுக்கும் அறைக்கு அழைத்துப்போனார். நாச்சிமுத்துவும் கன்னத்தைப் பிடித்தபடி கூடவே வந்து கதவைச் சாத்தினார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர்," என்று தியாகராசன் ஆரம்பித்தான். "நாளைக்குத் துப்பாக்கிய ஒப்படைச்சிடுறேன். இன்னிக்கு மட்டும் பின் வரிசையில வந்துக்குறேன்."

"முன் வரிசையுமில்ல, பின் வரிசையுமில்ல. பழைய செருப்பு வூட்ல இருக்குதுங்களா?"

"இருக்கு."

"நாச்சிமுத்து, வண்டிய எடுத்துட்டுப் போயி வாங்கீட்டு வா."

தியாகராசன் காலைத் தூக்கி ஒரு காலிப் பெட்டிமேல் வைத்து, விரலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்த்தான். விரலைப் பார்த்ததும் டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாச்சிமுத்து திரும்பவில்லை.

"இதை எடுக்க வேண்டி வரும்கிறாங்க," என்றான். "ஊர்ல அத்தனை வீட்லயும் துப்பாக்கி இருக்கு. என்னுது ஒண்ணு அணைஞ்சா என்ன குறைஞ்சிரப் போவுது?"

நாச்சிமுத்து கன்னத்திலிருந்து கையை எடுத்தார். தலை நேராக நின்றபோது அவர் வேறு யாரோ போல இருந்தார். தன் துப்பாக்கியை உருவி, கைப்பிடியில் எரிந்த பச்சையை நகத்தால் நெம்பினார். அது பொத்தென்று தேங்காய் பன் தட்டில் விழுந்து, அங்கேயும் எரிந்தது.

"சைக்கிள் லைட்டுங்க மாப்ள. கோயமுத்தூர்ல டஜன் கணக்குல விக்கிறான். எனக்குப் பல்லப் புடுங்கி ஏழு வருசமாச்சு."

தியாகராசனுக்கு முதலில் அது விளங்கவில்லை. டீச்சரைப் பார்த்தான்.

"எனக்குக் கண்ணு ஆப்பரேசன் பண்ணுனப்பவே போயிருச்சு," என்றார் அவர். "கண்ணு தெரிஞ்சதும் காலு வேற மாதிரி வெக்க ஆரம்பிச்சிருச்சு."

"பொன்னுச்சாமி அண்ணன்?"

"தொப்பை போட்டுட்டான்ல."

"சரசு?"

"புள்ள பொறந்த அன்னிக்கே."

அவன் சுவரோரம் சாய்ந்து நின்றான். "எல்லாருமா?"

"யாருங்க மாப்ள ஒரே மாதிரி இருக்கறாங்க?" என்றார் நாச்சிமுத்து. "ஒப்படைச்சா என்ன ஆகும்னு உடுமலைப்பேட்டைக்குப் போனவரப் பாத்தோம். அதனால அவங்கவங்க லைட்ட ஒட்டிக்கிட்டு, அவங்கவங்க நடைய நடந்துட்டு இருக்கறோம். ஆனா எங்களுது உக்காந்தாலும் எரியும், படுத்தாலும் எரியும். உங்களுது ஒண்ணுதான் நடந்தா எரியுது, நின்னா அணையுது. ஊருக்குள்ள உசுரோட இருந்தது அது ஒண்ணுதானுங்க."

வாரா வாரம் டீச்சர் தன் காலைக் குனிந்து பார்த்தது ஏன் என்று தியாகராசனுக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் பந்தி, கேட்காத டீ, 'நம்ம மாப்ள' எல்லாம் ஒவ்வொன்றாக நினைவில் வந்து கசந்தன. இந்த ஊரில் வந்த நாளிலிருந்து அவன் யாரிடமும் கோபப்பட்டதில்லை. கோபப்பட உரிமை இருக்கிறதா என்று அவனுக்குத் தெரிந்ததுமில்லை. இப்போது நெஞ்சு காந்தியது.

"நான் நொண்டுனது உங்களுக்குத் தெரியலியா?"

"தெரிஞ்சுதுங்க மாப்ள," என்றார் நாச்சிமுத்து தரையைப் பார்த்து.

"தெரிஞ்சும் செருப்ப மாத்தாதீங்க மாத்தாதீங்கன்னு சொன்னீங்களே."

டீச்சர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். "தப்புதான். ஆனா எங்க நெலமையும் பாருங்க. மலையிலிருந்து எது எப்ப எறங்கும்னு யாருக்குத் தெரியும்? நீங்க ஒருத்தர் இருக்கறீங்கங்கற தெகிரியத்துலதான் இந்த ஊரே கதவத் தொறந்து போட்டுத் தூங்குது."

தியாகராசன் அவர்களை மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை.

"நான் உங்க தைரியத்துல தூங்கிட்டு இருந்தேன் டீச்சர். இத்தனை பேரு இருக்காங்களே, நமக்கென்னன்னு." அவன் துப்பாக்கியை உருவி மேஜைமேல் வைத்தான். வைத்த விதத்திலேயே அவன் அதை அதிகம் தொட்டவனில்லை என்று தெரிந்தது. "எனக்குச் சுடத் தெரியாது."

"என்னங்க சொல்றீங்க?"

"பயிற்சி வச்ச அன்னிக்கு நான் திருவாரூருக்கு மறுவீடு போயிட்டேன். யாரும் கேக்கல. நானும் சொல்லல. எது பாதுகாப்புப் பொத்தான், எது சுடுற பொத்தான்னுகூட எனக்குத் தெரியாது. பன்னி வந்திருந்தா நான் உங்களுக்கு முன்னாடி ஓடியிருப்பேன். இந்தச் செருப்போட ஓடக்கூட முடிஞ்சிருக்காது."

நாச்சிமுத்துவின் கை தன்னையறியாமல் கன்னத்துக்குப் போயிற்று. வெளியே நடை ஆரம்பிக்கச் சொல்லி யாரோ விசில் அடித்தார்கள்.

டீச்சர்தான் முதலில் தேறினார். கைப்பையைத் திறந்து, காகித உறையோடு இருந்த புதுப் பச்சை விளக்கு ஒன்றை எடுத்தார். எப்போதும் ஒன்று உபரியாக வைத்திருப்பார் போலிருக்கிறது. அவன் துப்பாக்கியை எடுத்து, தானே துடைத்து, தானே ஒட்டி, அவன் இடுப்பில் செருகிவிட்டார். அது பழைய பச்சையைவிடப் பளிச்சென்று எரிந்தது.

"சுடத் தெரியாதுங்கறத மட்டும் வெளியில சொல்லிறாதீங்க மாப்ள," என்றார். "சனங்க பயந்துக்கும்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அதைப் பிய்த்துப் பன் தட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். சொல்லவேண்டும் என்று அவன் வாயைத் திறந்ததும் உண்மை. அதற்குள் கதவு திறந்துவிட்டது. வெளியே நின்ற முகங்களெல்லாம் அவன் இடுப்பைப் பார்த்தன, மூச்சு விட்டன, மலர்ந்தன. "புதுச் செருப்பு பிரமாதமா இருக்குதுங்க மாப்ள" என்றார் பொன்னுச்சாமி, பூட்சை உதறிக்கொண்டே. முன் வரிசையில் அவன் இடம் அப்படியே விடப்பட்டிருந்தது. அவன் போய் நின்றான். செருப்பு கடிக்காமல் அவன் நடந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நடை அது. அதை நினைத்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

வீட்டு வாசலில் மேகலா காத்திருந்தாள். அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் கண் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டது. அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி வந்ததை அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"அட, எரியுதுங்க," என்றாள். "புதுச் செருப்புக்குப் பழகீருச்சுங்களா?"

"பழகிருச்சு," என்றான் தியாகராசன்.

சோறு போட்டு வைக்கிறேன், கை கால் கழுவிவிட்டு வாங்க என்று அவள் உள்ளே போனாள். அவன் சிறிது நேரம் மலை இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு உள்ளே வந்து, கதவை இழுத்துச் சாத்தி, துரு ஏறிக் கிடந்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் தள்ளிப் போட்டான்.